பல்லில் கடித்த பறி

குப்பம், பழவேற்காடு
25-1-2025

மருமகள் மாலாவுக்கு மாமன் அங்கமுத்து எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். தினகரனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிய அன்றே படகுத்துறையில் எல்லார் காதிலும் படச் சொன்னேன், இவன் மாலையோடு திரும்பி வருவான் பாருங்கள் என்று. நேற்று வந்துவிட்டான். விடுதலை. அவன் அப்பன் நண்டு ஏஜென்ட் அல்லவா, தன் எடைக் கொட்டகை வாசலில் சரவெடி வைத்தான். மழை வருவதையும் முகத்துவாரம் மண்மூடுவதையும் முன்கூட்டியே சொல்கிற எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

சுகம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். இங்கே நான், உன் அத்தை, மகன் முரளி மூவரும் சுகம். என் முன்பல் இரண்டு மட்டும் ஆடுகிறது, பொங்கல் கரும்பைக் கடித்ததன் பலன். அனுப்பம்பட்டு ரயிலடியில் உன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி என்கிறாள், ஆனால் என்னைவிட வேகமாக நடக்கிறாள். ஹைதராபாத்தில் உனக்குச் சோறு சரியாகக் கிடைக்கிறதா?

கண்ணால் பார்த்த ஒரே சாட்சி உன் மாமன்தான். நண்டு எடை போட வந்த ■■■■■வை தினகரன் கொட்டகைக்குள் இழுத்துக் கதவை அடைத்ததை என் படகில் இருந்து பார்த்தேன். நான் போட்ட சத்தத்தில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து ஆந்திராவுக்கே போய்விட்டது. கூண்டில் ஏறி நான் பேசியபோது நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்படியும் விட்டுவிட்டார்கள்.

உன் படிப்பே இதைப் பற்றித்தான் என்று அக்கா சொன்னாள். யார் யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறாயாம், வீட்டிலேயே ஆள் இருக்கும்போது. கடிதமாகவே கேள். ஃபோனில் பேசினால் இங்கே துறை முழுக்கக் கேட்கும்.

மாமன்,
அங்கமுத்து


ஹைதராபாத்
2-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சோறு கிடைக்கிறது, மீன்தான் சரியில்லை. அத்தையையும் முரளியையும் கேட்டதாகச் சொல்லுங்கள். பல்லைப் பொன்னேரியில் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் ஒன்று. உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. அதை மையால் அடித்துவிட்டேன். இப்படிப்பட்ட வழக்கில் பெண்ணின் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்பது சட்டம். இனி நீங்களும் எழுத வேண்டாம். நம் இருவருக்கும் அவள் யார் என்று தெரியும், அது போதும்.

நான் செய்யும் ஆய்வு இதுதான்: பாலியல் வன்முறை வழக்கு ஒன்று ஸ்டேஷனில் இருந்து தீர்ப்பு வரை போகும்போது போலீஸ், வக்கீல், சாட்சி, நீதிபதி ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. பெரும்பாலும் விடுதலையில் முடிந்த வழக்குகளைப் படிக்கிறேன். ஊரில் இருந்தே ஒன்று வரும் என்று நினைக்கவில்லை. தீர்ப்பின் நகலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் பார்த்ததை உள்ளபடி எழுதுங்கள் மாமா. எங்கே இருந்தீர்கள், எதைப் பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள். கொக்கு வேண்டாம்.

அன்புடன்,
மாலா


குப்பம்
11-2-2025

அன்பு மருமகளுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுக்கும்போது, ஹைதராபாத்தில் இருந்து ஆராய்ச்சிக்காரர்கள் எனக்கு எழுதுகிறார்கள் என்று துறையில் சொல்லிவைத்தேன். பொய் இல்லையே. பல்லுக்குக் காரணம் கரும்பு இல்லை, வலைக் கயிற்று முடிச்சைப் பல்லால் அவிழ்த்தது என்று இப்போது தெரிகிறது. உன் அத்தை கிராம்பு வைத்துவிட்டாள்.

கொக்கை விட்டுவிட்டு எழுதுகிறேன், பிறகு ருசி இல்லை என்று சொல்லாதே.

அன்றைக்கு விடிந்து வெயில் ஏறவில்லை. நான் என் பாட்டில் வலை கட்டிக்கொண்டிருந்தேன். பாடு என்றால் என்ன என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியவில்லை, நான்தான் பாடம் நடத்தினேன். "இன்னா சார், ஏரி இன்னா உங்க அப்பன் வூட்டுக் குளமா? எந்த எடத்துல யாரு என்னிக்கு வலை கட்றதுன்னு ஊரு கூடி மொறை வச்சுப் பிரிக்கும். அந்த மொறைக்குப் பேருதான் பாடு. வலையும் பங்காளியும் இருக்கிறவனுக்குத்தான் அது"ன்னு சொன்னேன். கோர்ட்டே சிரித்தது.

கொட்டகை என் பாட்டுக்கு நேர் எதிர்க்கரை. அவன் அவள் கையைப் பிடித்து இழுப்பதும் கதவு மூடுவதும் தெரிந்தது. "டேய் தினகரா"ன்னு நான் ஒரே ஒரு குரல்தான் கொடுத்தேன். படகு கோலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் குதித்தேன். அவன் பின்பக்கமாக ஓடிவிட்டான். நான் கத்தியிருக்காவிட்டால் அந்தப் பெண்ணை உயிரோடு பார்த்திருக்க முடியாது. அக்கரைக் குடியிருப்புச் சனம் அவர்கள், வலை கிடையாது, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அவர்களுக்காக நம் ஊரில் யார் கூண்டு ஏறுவார்? நான் ஏறினேன்.

காய்ந்த இறால் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

மாமன்,
அங்கமுத்து


ஹைதராபாத்
16-3-2025

அன்புள்ள மாமாவுக்கு,

இறால் வந்தது. ரூமில் எல்லோரும் சாப்பிட்டோம். அம்மாவின் கால் வலிக்கு எண்ணெய் வாங்கிக்கொடுத்தீர்களாம், நன்றி.

தீர்ப்பு வந்துவிட்டது. உங்களைப் பற்றி இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஊர்ப் பெரியதனக்காரர் லோகநாதனை எதிர்த்தரப்பு சாட்சியாக அழைத்திருக்கிறது. அவர் சொன்னது: அன்றைக்கு அந்த இடத்தில் அங்கமுத்துவுக்குப் பாடு இல்லை. அந்த வருடம் முழுக்கவே இல்லை, பங்காளிகள் பிரிந்துவிட்டார்கள். அவர் அங்கே வலை கட்டியிருக்க முடியாது.

இன்னொன்று அந்தப் பெண் சொன்னது. யாரும் கத்தவில்லை என்கிறாள். அவளை வக்கீல், நீ ஏன் கத்தவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். அவன் கை அவள் வாயின் மேல் இருந்தது என்று சொல்லியிருக்கிறாள். மாமா, நான் படித்த தீர்ப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வி வருகிறது. அதை இதுவரை எந்த ஆணிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவள் யாரும் கத்தவில்லை என்றாள், நீங்கள் கத்தினேன் என்றீர்கள். கண்ணால் பார்த்தவர் இருந்த இடமே பொய் என்பதால் மற்றதிலும் சந்தேகம் வருகிறது என்று எழுதி, அந்தச் சந்தேகத்தின் பலனைத் தினகரனுக்குக் கொடுத்துவிட்டார் நீதிபதி. அவள் சொன்னதில் ஒரு வரி கூடத் தவறு என்று அவர் எழுதவில்லை.

அப்பீல் போடலாம். சென்னையில் திரௌபதி என்று ஒரு வழக்கறிஞர் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்கிறார். நீங்கள் உண்மையில் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு உறுதிமொழி கொடுத்தால், அதையும் மேல் கோர்ட்டில் கேட்கச் சொல்லி மனு போடலாம் என்கிறார். கெடு இருக்கிறது, சீக்கிரம் எழுதுங்கள்.

மாலா


குப்பம்
29-3-2025

அன்பு மருமகளுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு, இவ்வளவு படித்தால் கண் கெட்டுவிடும்.

லோகநாதன் சொன்னதை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறாய். அவன் புதுப் படகு கரை சேராது என்று நான் சொன்னேன், சேரவில்லை. அன்றிலிருந்து என்மேல் வெறுப்பு. பங்காளிகள் என்னைவிட்டுப் பிரிந்தார்கள் என்பதும் தவறு. நான்தான் அவர்களை விலக்கினேன். அவர்கள் வேகம் எனக்குப் பற்றவில்லை. பாடு இல்லாவிட்டால் என்ன, வேறு பாட்டுக்காரனுக்கு யோசனை சொல்லப் போயிருக்கக் கூடாதா? அப்படித்தான் போயிருந்தேன். யாருடைய படகு என்பது இப்போது நினைவில்லை.

அவளுக்குக் கேட்டிருக்காது. பயத்தில் காது அடைத்துப்போகும். நானே புயலில் மாட்டியபோது எனக்குக் கடல் சத்தம் கேட்கவில்லை.

இன்னொன்று கண்ணு. இந்த வருடம் முரளியைப் பாட்டில் சேர்க்க ஊர் கூடப்போகிறது. சேற்றில் கை வைத்தவன் வீட்டுக்குப் பங்கு கிடையாது என்பது எங்கள் குப்பத்தில் எழுதாத சட்டம். நம் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். இந்த நேரத்தில் உறுதிமொழி, கையெழுத்து என்று எதுவும் வேண்டாம்.

மாமன்,
அங்கமுத்து


அனுப்பம்பட்டு
27-4-2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா வீட்டில் இருந்து எழுதுகிறேன். வந்து பத்து நாளாகிறது. அங்கே வராமல் போகிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மா சுகம், உங்களை விசாரிக்கச் சொன்னாள்.

அக்கரைக் குடியிருப்புக்குப் போய் அவளைப் பார்த்தேன். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் கத்தியதாகச் சொன்னதைப் பற்றிக் கேட்டேன். "கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்கா. யாராச்சும் கத்த மாட்டாங்களான்னுதான் காத வச்சுக்கினு கெடந்தேன்" என்றாள்.

பிறகு, கோர்ட்டில் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அந்தக் கொட்டகைக் கதவில் விரிசல் இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் தெரிந்ததாம். "தண்ணில ஒரு தலை. துண்ட முக்காடு போட்டுக்கினு, வாயில பறி. பாத்துக்கினே இருந்துச்சுக்கா. அப்புறம் முங்கிடுச்சு."

பறி என்றால் உங்களுக்குத் தெரியும். நான் அங்கேதான் முதல்முறை பார்த்தேன். பனையோலையில் முடைந்த சின்னப் பை. இரண்டு கையும் சேற்றில் இறாலைத் தேடும்போது அதை முன்பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். பறி கடிப்பவர் அவர்கள் சனமாகத்தான் இருக்க முடியும் என்று அவள் நினைக்கிறாள். சித்தப்பா உலகநாதன் அந்தப் பக்கம் இறங்குகிறவர். அவர் இல்லை என்று சத்தியம் செய்கிறார். இவள் நம்பவில்லை. அப்பா இறந்த பிறகு வளர்த்தவர் அவர்தான், ஆனால் கொட்டகைச் சம்பவத்திலிருந்து அவரோடு பேச்சு இல்லை. கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எங்க ஆளையே நான் காட்டிக் குடுக்கணுமாக்கா?" என்று என்னையே கேட்டாள்.

அவள் கேட்கச் சொன்னது இதுதான். அன்றைக்கு அங்கே இருந்தவர் நீங்கள். தண்ணீரில் இருந்தது யார்?

மாலா


குப்பம்
8-6-2025

அன்பு மருமகளுக்கு,

பதில் தாமதம். மீன்பிடித் தடை, அத்தைக்குக் காய்ச்சல், எனக்கு ஊர் வேலை. இப்போது எல்லோரும் சுகம். மேல்காற்று பலமாக அடிக்கிறது. முகத்துவாரம் மறுபடி மூடும் என்று சொல்லியிருக்கிறேன். முரளிக்குப் பாட்டில் பங்கு கொடுத்துவிட்டார்கள். லோகநாதனே அறிவித்தான். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டதே பாதி, கொடுத்தது முழுசு என்று பேசினேன். கைதட்டினார்கள்.

நீ கேட்டதற்கு. யோசித்துப் பார்த்தேன். அது உலகநாதன்தான். நீலத் துண்டு. எனக்கு நன்றாகவே தெரிந்தது, அவர்கள் குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம் என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். என் பெருந்தன்மை அது.

மாமன்,
அங்கமுத்து


ஹைதராபாத்
13-7-2025

மாமாவுக்கு,

அத்தைக்குக் காய்ச்சல் விட்டதா? முரளிக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலை ஃபோனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதை நான் செய்திருக்கக் கூடாது. கண்ணால் பார்த்தவர் சொல்கிறார் என்றதும் குடியிருப்பே உலகநாதனைச் சுற்றிக்கொண்டது. அவர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டார். எந்தச் சூளை என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் அப்பீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "மறுபடியும் கூண்டுல ஏத்துனா சித்தப்பா பேரச் சொல்ல வேண்டி வரும்கா. போயே போய்ட்டாரு. இன்னும் அவர இழுக்கணுமா?" வழக்கறிஞரிடம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். போன வாரத்தோடு கெடு முடிந்தது. தினகரன் இப்போது அதே கொட்டகையில் எடை போடுகிறானாம். அவள் நண்டை அந்தத் தராசில்தான் வைக்கிறாள். வேறு கொட்டகை கிடையாது.

நான் அங்கே போயிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பறி கடித்துக் கடித்து அவர்களில் பெரியவர்கள் எல்லோருக்கும் முன்பல் ஆடுகிறது.

உங்கள் பல் எப்படி இருக்கிறது மாமா?

மாலா


குப்பம்
21-9-2025

மருமகள் மாலாவுக்கு மாமன் எழுதுவது.

நீ கண்டுபிடிப்பாய் என்பதையும் நான் முன்பே எதிர்பார்த்தேன். இது பீற்றல் இல்லை. முதல் கடிதத்தில் பல்லைப் பற்றி எழுதியபோதே கை நின்றது. பிறகு கரும்பைச் சேர்த்தேன்.

பல் ஒன்று விழுந்துவிட்டது. மற்றபடி சுகம்.

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். பங்காளிகள் என்னைக் கழற்றிவிட்டார்கள். நான் விலக்கவில்லை. என் வாய் அவர்களுக்குச் சலித்துவிட்டது. வலை இருந்தும் ஆள் இல்லை. வீட்டில் உலை வைக்க வேண்டும் அல்லவா, முரளி அப்போது வேலை இல்லாமல் இருந்தான். விடியலில் யாரும் வராத பக்கமாகப் போய், முக்காடு போட்டுக்கொண்டு, கழுத்துத் தண்ணீரில் உட்கார்ந்து இறால் தடவினேன். ஒரு வருடம். உன் அத்தைக்கு மட்டும் தெரியும். துறையில் கேட்டால் பாட்டுக்காரர்களுக்கு யோசனை சொல்லப் போவதாகச் சொன்னேன். பறியை அக்கரையில் ஒரு கிழவியிடம் வாங்கினேன். தென்னைக்கு உரம் அள்ளிப் போட என்று அவளிடம் சொன்னேன்.

கொட்டகைக்கு இருபது பாகம்கூட இருக்காது, கூப்பிட்டால் கேட்கும் தூரம். தினகரனைப் பார்த்தேன். அது உண்மை. அவளைக் கையைப் பிடித்து இழுத்ததும் கதவை அடைத்ததும் உண்மை. அதை நான் கூட்டவில்லை. விரிசலில் ஒரு கண் தெரிந்தது. அது என்னைப் பார்த்தது. எழுந்தால் அங்கமுத்து சேற்றில் நிற்கிறான் என்று தினகரன் பார்ப்பான், அவன் பார்த்தால் சாயங்காலம் ஊர் பார்க்கும். முங்கிவிட்டேன். மூச்சு முட்டி மேலே வந்தபோது கதவு திறந்திருந்தது.

ஸ்டேஷனுக்குப் போனது நானாகத்தான். யாரும் கூப்பிடவில்லை. அவன் தப்பிக்கக் கூடாது என்றுதான் போனேன். எங்கே இருந்தீர்கள் என்று எழுத்தர் கேட்டார். என் வாயில் பாடு என்று வந்துவிட்டது. பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி. பாட்டில் நிற்கிற அங்கமுத்து என்ன செய்வானோ அதைச் சொன்னேன்.

உலகநாதனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். சூளையைத் தேடிக் கண்டுபிடித்ததாகவும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டதாகவும் ஒரு பக்கம் வந்தது. அந்தப் பக்கத்தைத்தான் கிழித்தேன். அவனை நான் தேடவில்லை. அவளிடம் சொல்லலாம் என்று பாலம் வரை நடந்தேன். எதிரே முரளியின் பங்காளிகள் வலையோடு வந்தார்கள். எங்கே மாமா என்று கேட்டார்கள். சும்மா காற்று வாங்க என்று சொல்லிவிட்டு அவர்களோடேயே திரும்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. வக்கீல் அம்மாவிடமும் கொடு. கெடு முடிந்துவிட்டது என்றாலும் கொடு. உன் ஆராய்ச்சியில் போட்டுக்கொள். அவள் பெயரைத்தான் மறைக்க வேண்டும், என் பெயருக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லையே. முரளிக்குத் தெரியவரும். வரட்டும் என்று எழுதுகிறேன், நாளைக் காலையில் தபால்பெட்டி முன்னால் எப்படி நிற்பேன் என்று தெரியாது. அதனால் இப்போதே உன் அத்தையிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் போட்டுவிடுவாள்.

வக்கீல் அவளைக் கேட்ட அந்தக் கேள்வியை ஒரு ஆணிடமும் யாரும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாய். என்னிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயில் பறி இருந்தது என்று சொல்லியிருப்பேன். பறியைத் துப்பிவிட்டுக் கத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்கே தெரியும்.

ஒரு குரல் கொடுத்தேன் என்றேனே, "டேய் தினகரா" என்று. அது நானாகச் சேர்த்தது.